ஒச்சப்பனுக்கு வந்த தூக்கம்

கேளுங்கள் கண்ணுகளா, கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு குடோனில் மூட்டை தூக்குகிற ஒச்சப்பனுக்கு, மகன் பாண்டியராஜன் போனதிலிருந்து தூக்கமே இல்லை. பள்ளுருத்தியில் ஒரு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போன பிள்ளை, சாரம் சரிந்து விழுந்து செத்துப்போனான். அப்பனுக்குக் கண் இரண்டும் சிவந்தே கிடந்தன. ஒருநாள் மூட்டையோடு படியில் தடுமாறிவிட்டான்.

"நின்னுக்கிட்டே தூங்குறதுக்கு நீ என்ன குதிரையா, அண்ணாச்சி?" என்று முதுகைத் தட்டிய மேஸ்திரி நீலகண்டன் சேட்டன், நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு வேலைக்கு வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்.

அவன் பெண்டாட்டி வீரலட்சுமிக்கு போர்ட் கொச்சியில் ஒரு மசாஜ் நிலையத்தில் வேலை. அங்கே வெட்டிவேர்த் தைலத்துக்குத்தான் மவுசு. நம் ஆட்கள் அந்த வேரைப் பானைத் தண்ணீரில் போட்டுக் குடிப்போம், நல்லெண்ணெயில் காய்ச்சித் தலைக்கு வைப்போம். அங்கே தைலத்தில் சில சொட்டு எடுத்து, இளஞ்சூட்டு எண்ணெயில் கலந்து நெற்றிப்பொட்டில் தேய்ப்பார்கள். வந்தவர்கள் குறட்டை விடுவார்கள். முடிந்ததும் உலுக்கி எழுப்பக்கூடாது. உள்ளங்கைகளைச் சூடு வரத் தேய்த்து, மூக்கருகே பிடித்து, மெல்லக் கூப்பிட வேண்டும்.

ஒரு சாயங்காலம் புருஷனைப் பாயில் படுக்க வைத்து அதேபோலத் தேய்த்துவிட்டாள். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேலையை நினைத்துப் பாருங்கள் என்று கெஞ்சினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்து இளகியது, மூச்சு சீரானது. தூங்கியே விட்டான்.

விடிந்து வெயில் வந்த பிறகு, உள்ளங்கைகளைத் தேய்த்து அவன் மூக்கருகே வைத்து, "ஏங்க" என்றாள். கண் திறந்து சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

"பாண்டிக்குச் சாயா குடுத்தியா? அவனுக்கு வேலைக்கு நேரமாச்சுல்ல."

அவள் கைகளை இழுத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாக அவனுக்கு ஞாபகம் வந்தது. சாரம், ஆஸ்பத்திரி, குழி. இப்போதுதான் சேதி வந்தது போலச் சுருண்டுவிட்டான்.

அன்று சாயங்காலமும் அவள் எண்ணெயைச் சூடாக்கிக் கையில் ஊற்றினாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். குடோன் வேலை போனால் போகட்டும் என்றான்.

"வேண்டாம் லட்சுமி. தூங்குனா முழிக்கணும்ல."

கையில் எண்ணெய் ஆறியது. அதைத் தன் சேலையிலேயே துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில், யார் யாரையோ தூங்க வைக்க அவள் கிளம்பிப் போனபோது, அவன் சுவரில் சாய்ந்து, கண்ணைக் கொட்டாமல் உட்கார்ந்திருந்தான்.