துரியோதனனின் இரத்த அழுத்தம்

2007ஆம் ஆண்டு மார்ச்சு 5ஆம் நாள், திங்கட்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு, கெடார் கிராமத்துக் கோதண்டபாணியின் இரத்த அழுத்தம் 172/104 என்று விழுப்புரத்து மருத்துவர் ஒருவர் சீட்டில் குறித்தார். கோதண்டபாணிக்கு வயது ஐம்பத்தெட்டு. திரௌபதியம்மன் திருவிழாக் கூத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அவரே துரியோதனன். உடன் சென்றிருந்த மனைவி ஜெயம்மாள் அந்த எண்ணை இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

காலை உணவுக்குப் பின் ஒரு மாத்திரை. உப்பைக் குறைக்க வேண்டும். நாள்தோறும் அரைமணி நேரம் நடக்க வேண்டும். மே 11 அன்று படுகளம், துரியோதனன் வீழும் கடைசி நாள் கூத்து. அதற்குள் மேல் எண் நூற்று நாற்பதுக்குக் கீழே இறங்காவிட்டால் வேடம் கட்டக் கூடாது என்றும் மருத்துவர் சொல்லிவிட்டார். கூத்து வாத்தியார் பெரியதம்பி சும்மா இருக்கவில்லை. வெற்றிச்செல்வன் என்னும் முப்பது வயது ஆட்டக்காரனைத் திண்டிவனத்திலிருந்து வரவழைத்து ஆயத்தமாக வைத்துக்கொண்டார். அன்றிரவு துரியோதனனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள், "நடந்தா இன்னா, கால் தேஞ்சிடுமா?" என்று கேட்டார் ஜெயம்மாள்.

"வேல இல்லாம ரோட்ல போய்க்கினு வந்துக்கினு இருந்தா, எங்க போறேன்னு பத்துப் பேரு கேப்பான். பதில் சொல்லியே பிரஷர் ஏறிடும்."

"அப்ப ஆடுங்க. கூத்துல கிர்ருன்னு கிறுக்கி சுத்துறீங்களே, அது போதும். ஆனா வாயத் தெறக்கக் கூடாது. கத்துறதுதான் உங்களுக்குப் பேஜாரு."

ஊர்ச் செவிலியர் ஜெசிந்தாவும் இதற்கு உடன்பட்டார். மெதுவாகத் தொடங்க வேண்டும், தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும் என்பவையே அவர் விதித்த நிபந்தனைகள்.

அன்று முதல் காலை ஆறு மணிக்குத் தோட்டத்தில் சலங்கை ஒலித்தது. ஜெயம்மாள் எதிரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு, பித்தளைத் தாம்பாளத்தில் தாளம் தட்டினார். அத்தினாபுரத்து மன்னர் புருவத்தாலேயே சபைக்குள் நுழைந்தார். மீசையாலேயே பாண்டவரை இகழ்ந்தார்.

பக்கத்து வீட்டு வீரம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, ராஜாவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?"

"தொண்ணூத்தொம்பது தம்பிங்களும் தூங்குறாங்க, எழுப்பக் கூடாதுன்னு சொல்லிருக்கேன்" என்றார் ஜெயம்மாள், தாளம் தவறாமல்.

ஏப்ரல் 9இல் 146/92. கோதண்டபாணி வெற்றிச்செல்வனைத் தெருவில் கண்டு, முதன்முறையாக நலம் விசாரித்தார்.

ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை, திருவிழா விரதத்துக்காகக் கோதண்டபாணியின் கையில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டியவருக்கு மாலையில் ஒரு வேளை உணவுதான். கருவாடு கிடையாது, ஊறுகாயும் கிடையாது. முப்பது ஆண்டுகளாக மனைவி சொல்லி நடக்காததை ஒரு மஞ்சள் கயிறு அரை நொடியில் நடத்திக் காட்டியது. ஜெயம்மாள் மகிழ்ச்சியோடு ஏப்ரல் 30ஆம் நாள் கணவரை ஜெசிந்தாவிடம் அழைத்துச் சென்றார்.

166/100.

"ஆட்டம் ஒருநாள் தப்பலங்க. கருவாட்டு வாசனகூடக் காட்டல" என்றார் ஜெயம்மாள்.

"மாத்திரை?" என்றார் ஜெசிந்தா.

கோதண்டபாணி சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். பத்து மாத்திரைகளும் அப்படியே இருந்தன.

"காலைல சாப்ட்ட பிறகுன்னு சீட்டுல இருக்குது. காலைல சாப்பாடே இல்ல. சாப்புடாதவன் சாப்ட்ட பிறகு எப்படிங்க போடுறது?"

ஜெயம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. காலைத் தட்டோடு மாத்திரையை எடுத்துக் கொடுப்பது அவருடைய வழக்கம். தட்டு நின்ற நாளில் மாத்திரையும் நின்றிருந்தது. மணி தவறாத அவர் அதைக் கவனிக்கவேயில்லை.

"ஆறு மணிக்குத் தாம்பாளம் தட்டத் தெரிஞ்சிது" என்றார் கோதண்டபாணி மெல்ல. "கடிகாரமும் விரதம் போல."

"துரியோதனனுக்கு இங்க டயலாக் கெடையாது" என்றார் ஜெயம்மாள்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெசிந்தா மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டார். காலையில் உப்பில்லாத கேப்பைக் கூழ், உடனே மாத்திரை, வெறும் வயிற்றில் ஆட்டம் கூடாது, மூன்று நாள் ஓய்வு. கூழால் விரதம் கெடாது என்று பூசாரியும் ஒப்புதல் தந்தார். பதினொரு நாட்களே மிச்சம் இருந்தன. ஜெயம்மாள் கூழ்ச் சொம்போடு மாத்திரையைக் கையில் வைத்து, அது தொண்டைக்குள் இறங்கும்வரை நகராமல் நின்றார்.

மே 10ஆம் நாள் 136/86. ஆடலாம், தொண்டை கிழியக் கத்துவது மட்டும் வேண்டாம் என்றார் மருத்துவர்.

அன்று மாலை கோயில் வாசலில் பெரியதம்பியின் முன்னிலையில் இறுதியாக முடிவானவை இவை: படுகளத்தில் வேடம் கோதண்டபாணிக்கே. வசனத்தைப் பின்பாட்டுக்காரர்களோடு நின்று வெற்றிச்செல்வன் முழங்குவான். மாத்திரை ஆண்டு முழுவதும் தொடரும். திருவிழா முடிந்தபின்னும் காலை ஆறரைக்குத் தோட்டத்தில் ஆட்டம் உண்டு. கூழ் அதற்கு முன். கருவாடு மாதம் ஒருமுறை. வாரம் ஒருமுறை வேண்டும் என்ற கோதண்டபாணியின் கோரிக்கையை ஜெயம்மாள் ஏற்கவில்லை.