ஏழில் நின்ற காற்று

நெட் எட்டாத காட்டுக்குள் ஒரு மென்பொருளை நிறுவிப் பார்த்தவர்களுக்குத்தான் ஜாஸ்மியின் பெருமை புரியும். ஒன்றை ஏற்றினால் அது இன்னொன்றைக் கேட்கும், அது வேறொன்றைக் கேட்கும், உயிர் போய்விடும். ஆரல்வாய்மொழியில் காத்தாடி, அதாவது காற்றாலை, பழுதுபார்க்கும் தம்பி எபின் புலம்பியதைக் கேட்டு, காற்றின் வேகம் காட்டும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றை, அதற்கு வேண்டிய துணை நிரல்கள் பத்தொன்பதையும் உள்ளே வைத்து ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுத்தாள். பென்டிரைவைச் செருகி ஒரு தட்டு தட்டினால் போதும். அவர்களுடைய மடிக்கணினி அரதப்பழசு என்பதால் துணை நிரல்களையும் பழையதாகவே பார்த்து வைத்தாள். கெட்டிக்காரி என்று தன்னைத்தானே மெச்சியும் கொண்டாள்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு, தோவாளை வீட்டில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த மெச்சல் போன இடம் தெரியவில்லை. துணை நிரல் ஒன்றை எழுதியவர்கள் அறிவிப்புப் போட்டிருந்தார்கள். பழைய பதிப்பில் குறை இருக்கிறதாம். காற்றை அளக்கும் கருவியின் வயர் கழன்றாலும் சொல்லாது, கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். புதியதை ஏற்றிக்கொள்ளுங்கள்.

எங்கே ஏற்றுவது? இவள்தான் பழையதை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாளே! காற்று நொடிக்குப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டினால் ஏறக்கூடாது. எபின் பத்து மணிக்கு ஏறுவான். திரை ஏதோ பழைய சின்ன எண்ணைக் காட்டிப் பொய் சொன்னால், இருபதில் அடிக்கும் காற்றில் உச்சிக் கதவைத் திறந்து வெளியே தலையை நீட்டுவான். ஜாஸ்மி அவனுக்குப் போன் போட்டாள்.

அது அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. ஏறும் முன் எல்லாருடைய போனையும் ஜீப்பில் வைத்துப் பூட்டுவது அவர்கள் வழக்கம். நாசமாய்ப் போன வழக்கம்! கைகூடக் கழுவாமல் ஸ்கூட்டரை எடுத்தாள். வழியெல்லாம் காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளியது. ஏசப்பா, அவன் ஏறியிருக்கக் கூடாது.

காத்தாடிக் கோபுரத்தடியில் நான்கு பேர் ஹெல்மெட்டோடு தலைகுனிந்து நின்றார்கள். ஏறும் முன் மேஸ்திரி ஜெபமணி ஜெபம் பண்ணுவார்; மழையிலிருந்து மருமகள் பிரசவம் வரை அதில் வரும். "அண்ணாச்சி ஆமென் சொல்லதுக்குள்ள ஒரு சாயா குடிச்சிரலாம்" என்று எபின் எப்போதும் கேலி பண்ணுவான். இன்றைக்கு அது இன்னும் முடிந்திருக்கவில்லை.

"ஏலே எபினே, ஏறாதே!"

ஜெபமணி கண்ணைத் திறந்து முறைத்தார். "என்னட்டீ இது, ஜெபத்துக்க நடுவுல?"

மடிக்கணினியில் ஏழு என்றிருந்தது. ஜாஸ்மி கருவியின் வயரைப் பிடுங்கி எறிந்தாள். அப்போதும் ஏழு.

"பாத்தியளா? வயரே இல்ல, ஏழுன்னு காட்டுது. நான் கெட்டுனதுலதான் கோளாறு."

தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதேவிட்டாள். எபினின் முகம் மட்டும் வெளிறிக்கொண்டே போனது.

"யக்கா…"

"நீதான் ஏறலியே மக்கா, பொறவு என்ன?"

"அந்தப் பென்டிரைவ மத்த செட்டு ஆளுகளுக்கும் குடுத்தேன். எங்க அக்கா செஞ்சதுன்னு பெருமயா சொல்லிச் சொல்லிக் குடுத்தேன்."

"எத்தன செட்டுக்குலே?"

"பதினொண்ணு."

ஜாஸ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கணவாய் முழுக்கக் காத்தாடிகள் வெறிபிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தன. இவர்கள் ஏற இருந்தது போக, இன்னும் மூன்று மட்டும் அசையாமல் நின்றன. மேலே ஆள் ஏறுவதென்றால்தான் காத்தாடியை நிறுத்துவார்கள்.

"ஏறுங்கலே!" ஜெபமணி ஜீப்பைக் கிளப்பிவிட்டிருந்தார். ஆமென் சொல்லக்கூட யாரும் நிற்கவில்லை.