இறக்கத்தில் ஏறிய முள்

11 யூலை 2025, வெள்ளி. கார் ஏற்றத்தில்தான் சூடாகிறது என்று சசிகரனிடம் சொன்னேன். அது பிழை. நான் தனியே ஓட்டி உவர்மலை ஏறும்போது சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. இறங்கும்போதுதான் மேலே போனது. ஏற்றமென்றால் சூடாகத்தான் இருக்கும் என்று நானே நினைத்து, பார்த்ததை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

வகுப்புக் கொப்பியில் இரவே இப்படி எழுதிவைத்த சுஜானி, சனி விடிந்ததும் குசினிக்குள் போய், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த கணவனிடம் அதை ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொள்ளாமல் இருக்க ஏலாது. அவள் சொன்னதை நம்பித்தான் சசிகரன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை சம்பூரில் அவளுடைய தங்கச்சி வீட்டுச் சாப்பாட்டுக்குக் காரில் போகமுடியாவிட்டால், புதிதாகப் போட்ட, வான் வண்டியின் பெரிய எஞ்சினை இறக்கிவிட்டுப் பழைய சின்ன எஞ்சினையே திரும்பப் பூட்டுவது என்பது அந்த முடிவு. மாலை வகுப்பில் வாகனத் திருத்தம் படிக்கிற சுஜானி தன் கையால் முழுதாகப் பூட்டிய முதல் எஞ்சின் அது.

"இறக்கத்தில எப்பிடிச் சூடு வரும்? சும்மாதானே உருளுது," என்றான் சசிகரன்.

"அதுதான் சொல்லுறன். எஞ்சினில பிழை இல்லை. தண்ணிக் குழாயில காத்து நிக்குது."

அது இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சிவப்புக் கார். எஞ்சின் இருப்பது இருக்கைகளுக்கு நேர் பின்னால். பெரிய எஞ்சின் வந்த பிறகு உள்ளே இருப்பவர்கள் கத்தித்தான் கதைக்க வேண்டும். எஞ்சின் பெல்ட்டைப் பார்ப்பதென்றால் இருக்கையைக் கழற்ற வேண்டும். பின்பெட்டிக்குள் வைத்த பாண், போறணை அடுப்பிலிருந்து எடுத்ததுபோலச் சுடச்சுட வீடு வந்து சேரும். பட்டரை மட்டும் சுஜானி மடியில் வைத்துக்கொள்வாள். இவ்வளவு குறை சொல்லுகிற சசிகரன், கண்டி வீதியில் ஒரு பஸ்ஸை முந்திவிட்டால் அன்று முழுக்கச் சிரித்த முகமாகத் திரிவான்.

ரேடியேட்டரோ காரின் மூக்கில் இருந்தது. தண்ணீர் காருக்கு அடியால் நீளக் குழாயில் போய்வர வேண்டும். மூக்குத் தாழ்ந்தால் காற்று பின்னுக்கு ஏறி எஞ்சினுக்குள் நிற்கும். மூக்கைத் தூக்கி நிறுத்தினால் அது முன்னுக்கு வரும், அங்கே உள்ள காற்றுவிடும் திருகைத் தளர்த்தி வெளியே விடலாம்.

"ஜாக்கியில தூக்குவமே?"

"அது காணாது. நல்ல சரிவு வேணும்."

"உவர்மலை ரோட்டில நிப்பாட்டினா பஸ்காரன் ஏசுவான்," என்றவன் கொஞ்சம் யோசித்து, "வள்ளம் இழுக்கிற சரிவு இருக்கு," என்றான்.

திருக்கடலூர்க் கரையில், பின்பக்கம் கடலைப் பார்க்க, காரைச் சரிவில் இறக்கிச் சில்லுகளுக்குக் கல் வைத்தார்கள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மீனவர் கதிராமன் எழுந்து வந்தார்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தா மிதந்திடும்."

"கப்டன் விடமாட்டா அண்ணை," என்று சசிகரன் மனைவியைக் காட்டினான்.

சுஜானி முன்மூடியைத் திறந்தாள். கதிராமன் எட்டிப் பார்த்தார். "எஞ்சினை வீட்டில விட்டிட்டு வந்திட்டீங்களோ பிள்ளை?"

"பின்னுக்கு இருக்கு அண்ணை."

"அப்ப இது வள்ளம்தான்."

எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு அவள் திருகைத் தளர்த்தினாள். உஸ்ஸென்று காற்று வந்தது. பிறகு நுரை. சசிகரன் பின்பக்கம் உயரப் பிடித்த புனலில் தண்ணீர் ஊற்ற ஊற்றக் குழாய்க்குள் களக்களக்கென்றது.

"ஓமத்தண்ணி குடிச்ச பிள்ளை மாதிரி ஏப்பம் விடுது," என்றார் கதிராமன்.

குமிழி நின்றது. சுஜானி திருகை இறுக்கினாள். மனம் ஒப்பவில்லை. மீண்டும் தளர்த்தினாள். இன்னும் இரண்டு குமிழி வந்தது. அதன் பிறகு நூல் பிடித்தாற்போலத் தண்ணீர் மட்டும் வந்தது.

உவர்மலை ஏறும்போது முள் நடுவில் நின்றது. சுஜானி அதில் சந்தோசப்படவில்லை, நேற்றும் அப்படித்தான் நின்றது. இறக்கம் தொடங்கியதும் இருக்கை விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். முள் அசையவில்லை. பாதி மலை. அசையவில்லை. அடிவாரத்துக்கு வந்ததும் சசிகரன் காரைத் திருப்பி மறுபடி மலையேறத் தொடங்கினான்.

"ஏன் திரும்பிப் போறீங்கள்?"

"ஒருக்காப் பாத்ததை நீர் நம்பமாட்டீர்."

இரண்டாம் தரமும் இறங்கினார்கள். முள் நின்ற இடத்திலேயே நின்றது. சுஜானிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், ஏலவில்லை. சசிகரன் வீட்டு ஒழுங்கையைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனான்.

"வீடு பின்னுக்குப் போயிட்டுது!" அவள் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினாள்.

"ஓம், தெரியும்!" அவனும் கத்தினான். "பழைய எஞ்சினை உம்மட வகுப்புக்குக் குடுத்திடும். அவையள் கழட்டிப் பழகட்டும். எங்களுக்கு அது வேண்டாம்."

துறைமுகப் பக்கம் ஒரு பெரிய சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் திரும்பினார்கள். நாளை காலை, எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு, சம்பூருக்குப் புறப்பட வேண்டும்.