பதினாறு மஞ்சள் புள்ளிகள்

நாலாவது முறையாக இஞ்சின் அலறியது. வண்டியோ வேகம் பிடிக்காமல் ஊர்ந்தது.

மெக்கானிக் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் பிக்கப் அது. இரண்டாவது வரைக்கும் பூப்போல மாறிய வண்டி, மூன்றாவது விழவேண்டிய இடத்தில் ஒவ்வொரு தடவையும் தொண்டை கிழியக் கத்தியது. பிறகு முதுகில் எட்டி உதைத்தாற்போல் ஒரு குலுக்கல். கியர் விழுந்தது.

“பார்த்தியா?” என்றாள் பின்சீட்டிலிருந்த அவன் அக்கா. “ஓட்டி ஓட்டி வண்டியோட உசுரை வாங்கிட்டாருடா உன் மாமா.”

மாமா பக்கத்து சீட்டில் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருஷமாகக் கட்டிலும் பீரோவும் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிய மனிதர். இந்த ஒரு மாதமாகத்தான் பக்கத்து சீட்.

போன மாதம் மேம்பாலத்து ஏற்றத்தில், பீரோ பாரத்தோடு சிக்னலுக்காக நின்றவர், பச்சை விழுந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தார். இஞ்சின் உறுமியது, வண்டி பின்னால் உருண்டது. அவர் சுதாரித்து பிரேக்கை மிதிப்பதற்குள் பின்னால் நின்ற ஸ்கூட்டர்காரருக்குக் கால் முறிந்துவிட்டது. மறுபடி கிளப்பியபோது ஒன்றும் நடக்காததுபோல வண்டி ஏறிப்போயிற்று. ‘கிழவன் நியூட்ரல்ல போட்டுட்டு மிதிக்கிறான் பாரு’ என்று கூட்டத்தில் எவனோ சொன்னான். அன்று மாலையே மாமா சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

அக்கா ஒரு டிரைவரைப் பேசி வைத்தாள். வண்டியை ஓட்டிப் பார்த்த அவன், ‘மூணாவது கியர் வழுக்குது, சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க’ என்று போய்விட்டான். அதைக் கேட்டதும் மெக்கானிக்கின் மனசில் ஒரு சின்ன வெளிச்சம். கோளாறு கியர்பாக்ஸில் இருந்தால் அன்றைக்கும் அதுதான் காரணமாக இருக்கலாம். மாமாவின் கை தப்பிக்கும்.

பட்டறைக்குத் திரும்பியதும் கேட்டான். “மாமா, அன்னிக்கு லீவர் எதுல இருந்துச்சு?”

“டி-லதான், ஓடுற கியர்லதான்னு நினைச்சேன், மாப்ளே. எல்லாரும் நியூட்ரல்னாங்க. இருக்கும்.”

“இப்பல்லாம் வீட்லயும் நியூட்ரல்தான்,” என்றாள் அக்கா. “கூப்பிட்டா சத்தம் வரும், ஆளு வராது.”

மாமா சிரித்துவைத்தார்.

மெக்கானிக் பானட்டைத் திறந்தான். முதலில் கியர் ஆயில். இஞ்சினை நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான். ஆயில் மேல்கோட்டைத் தொட்டது. அளவு சரி. ஆனால் நிறம் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. ரெண்டே மாதம் முன்னால் அவன் கையால் மாற்றிய புது ஆயில் அது. ஏன் இப்படிக் கருகவேண்டும்?

யோசித்தபடி ஸ்டிக்கைத் திருப்பிப் போடப் போனவனின் கட்டைவிரல், கைப்பிடியில் அப்பியிருந்த அழுக்கைத் தேய்த்தது. அடியில் பொடி எழுத்துகள் செதுக்கப்பட்டிருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான். ‘இஞ்சின் ஓடும்போது, சூட்டோடு பார்க்கவும்.’



இஞ்சினைக் கிளப்பினான். ஸ்டிக்கை விட்டு எடுத்தான். நுனி காய்ந்திருந்தது. துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தான். அப்போதும் அப்படித்தான்.

வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழே நுழைந்தான். கசிந்திருந்தால் எண்ணெய்த் தடம் இருக்கும். கியர்பாக்ஸின் அடித்தட்டு தூசி படிந்து உலர்ந்து கிடந்தது. அதைச் சுற்றிப் பதினாறு போல்ட். முறுக்கி முடித்த போல்ட்டின் தலையோரம், தட்டையும் சேர்த்து மஞ்சள் பெயின்டில் ஒரு பொட்டு வைப்பது அவன் வழக்கம். வேறு எவனாவது கைவைத்தால் பொட்டு உடைந்துவிடும். பதினாறும் வைத்தது வைத்தபடி இருந்தன.

சீல் போய்விட்டது, ஆயில் ஒழுகிவிட்டது என்று சொல்லலாம். மாமாவும் தப்பிப்பார், அவனும் தப்பிப்பான். ஒரு நிமிஷம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கூப்பிட்டான்.

“மாமா, இங்க வாங்க. அக்கா, நீயும் வா.”

இருவரும் வண்டிக்கடியில் வந்து நின்றார்கள்.

“இது என் தப்பு. கையில பழகினதெல்லாம் சாதா கியர் வண்டி. இதுலயும் நிறுத்திட்டுத்தான் ஆயில் பார்த்தேன். ஓடும்போது ஆயில் மேல போயிடும். நிறுத்தினா கீழ வந்து நிறைஞ்ச மாதிரி காட்டும். ரெண்டு லிட்டராவது கம்மியா ஊத்தியிருக்கேன். ஏத்தத்துல வண்டி மூக்கைத் தூக்கினதும் ஆயில் பின்னால ஓடி, பம்பு காத்தைக் குடிச்சிருக்கு. ஆயில் அழுத்தம் இல்லாம கியர் பிடிக்காது, லீவர் டி-ல இருந்தாலும் நியூட்ரல் மாதிரிதான் உருளும். உங்க கை தப்பே பண்ணல.”



மாமா அந்த மஞ்சள் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவன் தோளில் தட்டினார். “உன் அக்கா வாயை அடைக்க, பழியை உன் தலையில போட்டுக்கிறியா, மாப்ளே?”

“சத்தியமா இல்ல மாமா. பொட்டு உடையவே இல்ல பாருங்க, வேற யாரும் கைவைக்கல!”

“பார்த்தேன். நீ நல்ல பையன்.”

“ஏங்க, அவன்தான் சொல்றானே,” என்றாள் அக்கா. அவள் குரலில் குத்தல் இல்லை. “நம்புங்களேன்.”

மெக்கானிக் வண்டியை இறக்கி, இஞ்சினை ஓடவிட்டு, கோடு தொடும்வரை ஆயில் ஊற்றினான். கருகிய கிளட்ச் தட்டுகளை மாற்ற கியர்பாக்ஸை முழுசாகப் பிரித்தாக வேண்டும். அது நாளைய வேலை. இப்போது ஒரே ஒரு தடவை மாமா அந்த சீட்டில் ஏறினால் போதும்.

“வாசல் வரைக்கும் உருட்டிப் பாருங்க, மாமா. எனக்காக.”

அவர் ஏறினார். பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை டி-க்கு இழுத்தார். குனிந்து பார்த்தார். டிதான். கையை எடுத்தார். மறுபடி குனிந்து, விரலால் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். கண்ணாடியில் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். பட்டறைச் சுவரைத் தவிர யாருமில்லை. கால் மட்டும் பிரேக்கை விட்டு எழவில்லை.

லீவரை பார்க்கிங்குக்குத் தள்ளி, இஞ்சினை அணைத்து, இறங்கி வந்து சாவியை அக்காவின் கையில் வைத்தார்.

“வண்டி சரியாயிடும்னு மாப்ளே சொல்றான்,” என்றார். “அந்த டிரைவரைக் கூப்பிட்டுச் சொல்லிடு. நான் பக்கத்துல உட்கார்ந்து வழி காட்டுறேன்.”