அஸீலாவுக்கு ஒரு நெய்ப்பந்தம்

கொக்குவில் வீட்டு முற்றத்தில் ஐயர் கிரியையைத் தொடங்கியதிலிருந்து அஸீலாவின் கண் தட்டத்தில் கிடந்த பந்தங்களை விட்டு நகரவில்லை. குச்சியில் வெள்ளைத்துணி சுற்றி நெய்யில் ஊறவைத்த பந்தங்கள். பேரப்பிள்ளைகள் அவற்றைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு சவப்பெட்டியைச் சுற்றிவர வேண்டும்.

பெட்டிக்குள் கிடந்தவர் நடராசா, அவளுடைய அம்மப்பா. முஸ்லிமான ஒரு சோனகனைக் கட்டினாள் என்று மகள் உதயகலாவைத் தலைமுழுகிய மனிதர்தான். ஆனால் பேத்தி பிறந்ததும் மனம் கேட்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் சைக்கிளோடு ஒளித்து நின்று, அவள் கையில் இனிப்பைத் திணித்துவிட்டுப் போவார். "நான் செத்தால் நீயும் பந்தம் பிடிக்கவேணும், விளங்குதோ?" என்பார். "ஓம் அம்மப்பா" என்பாள் அவள். கொடுத்த வாக்கு அது.

காலையில் வாப்பாவின் தங்கை ஜலீலா மாமி வாசலை மறித்தாள். "போய் முகத்தைப் பாத்திட்டு வா. அவையின்ரை சடங்கிலை கை வைச்சியோ, என்ரை வீட்டுப் பக்கம் தலைகாட்டாதை!"

வழியில் அம்மா வேறு. "செத்தவீட்டிலை 'போட்டு வாறன்' எண்டு சொல்லிப் புறப்படக்கூடாது பிள்ளை, திரும்பி வாறதெண்டால் அந்த வீட்டிலை இன்னொரு சாவெல்லோ. பேசாமல் எழும்பி வந்திடவேணும். மறந்திடாதை." எத்தனை தரந்தான் சொல்வாள்!

"பேரப்பிள்ளையள் வாங்கோ!"

அஸீலாவும் எழும்பிப் போனாள். அம்மாவின் தமையன் தியாகலிங்கம் பந்தத்தை நீட்டப்போன கையை இழுத்துக்கொண்டார்.

"முக்காட்டைக் கழட்டிப்போட்டுத் திருநீறு பூசிக்கொண்டு வா."

"திருநீறு பூசுறன் மாமா. முக்காடு கிடக்கட்டும்."

அந்தச் சொல்லுக்கே ஜலீலா மாமி அவளைக் கொன்றுபோடுவாள். மாமாவுக்கு அது போதவில்லை.

"சனம் என்ன கதைக்கும்? உது சரிவராது." அவளுடைய பந்தத்தைத் தன் மகன் கீர்த்திகனின் மற்றக் கையில் கொடுத்தார். அவன் இரண்டு பந்தத்தோடும் அசடு வழிய நின்றான்.

அஸீலா அம்மாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரேயொரு வார்த்தை அண்ணையிடம் சொல்லமாட்டாளா? உதயகலா நிலத்தைப் பார்த்தபடி, "விடு பிள்ளை" என்றாள்.

மாமா சொன்னதைக்கூடத் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. பந்தங்கள் பெட்டியைச் சுற்றிவரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நேரே வாசல் படலைக்குப் போய், அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, நான் போட்டு வாறன்!"

சனம் விறைத்துப்போனது. மாமாவின் முகம் வெளிறிவிட்டது. பெண்களுக்குள் யாரோ ஒருத்தி, "பாவம், சோனகப் பிள்ளை. எங்கடை முறை அதுக்கு எங்கை தெரியப்போகுது?" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

உதயகலா மட்டும் ஆட்டவில்லை. அன்று முதல்தடவையாகத் தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தாள்.