பெயர்ப்பலகைக்கு ஆள் வேண்டும்

எங்கள் டாரிகல் நகராட்சியில் போன வருடம் இறந்தவர்கள் தீர்ந்துபோனார்கள்.

சிரிக்காதீர்கள், உண்மை. மெல்பர்னின் மேற்கு விளிம்பில், மழைக்கு முளைத்த காளான் மாதிரி தெருக்கள் முளைக்கிற ஊர் இது. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பெயர் வேண்டும். உயிரோடு இருப்பவர் பெயரை வைக்கக் கூடாது என்பது விதி. பெயர் சூட்டும் குழுவில் நான் இருக்கிறேன். பெயர் கார்மன் ஸாமிட், காலிஃபிளவர் போட்டுப் பிழைத்த மால்டாக்காரக் குடும்பம். ஊரில் பழசு என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. நகராட்சி சார்பில் வருபவள் ஜஸ்லீன். நாங்கள் இருவரும் கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாக நடந்து பெயர் பொறுக்கினோம். முதலில் போரில் செத்தவர்கள், அப்புறம் கவுன்சிலர்கள், அப்புறம் கால்பந்து கிளப்புக்கு ஆரஞ்சு நறுக்கிக் கொடுத்த பெண்கள். ஆட்டுத் திருடன் என்று பேர் எடுத்த ஒருவனுக்குக்கூடப் பூங்காவைப் பார்த்த தெரு கிடைத்தது.

விதி புதிது என்றாலும் வழக்கம் பழசுதான். இது வெறும் ஷயராக, அதாவது நாலு பண்ணை சேர்ந்த கிராம நிர்வாகமாக, இருந்த காலத்தில், ஒரு பண்ணைக்காரர் செத்தால் அடக்கம் முடிந்த கையோடு அவர் வீட்டுப் பாதையில் அவர் பெயருக்குப் பலகை நடுவார்கள். பலகைக் கம்பத்துக்கு வீட்டு ஆண்பிள்ளைதான் குழி தோண்ட வேண்டும். யாராவது படுத்த படுக்கையாகிவிட்டால், "பலகைக்கு பெயின்ட் வாங்கியாச்சா?" என்று பப்பில் கேட்பார்கள். கேட்கிறவனுக்கும் ஒரு நாள் பெயின்ட் வாங்குவார்கள் என்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

எங்கள் பக்கத்துப் பண்ணை நோலா பாஸ்கோவுடையது. அந்த அம்மாவின் மாமனார் இறந்தபோது பலகைக்குக் குழி தோண்டியது அவர் மகன் ரஸல். சின்னப் பையன், கடப்பாரை அவனைவிட உயரம். உள்ளங்கை கொப்பளித்தும் யாரிடமும் கொடுக்கவில்லை. பாஸ்கோ சந்து என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

வளர்ந்து ஆளானதும், கம்பளி விலை விழுந்த ஒரு வருடம், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ரஸல் சுரங்க வேலைக்குப் போனான். நாட்டின் அந்தக் கோடியில் இருக்கும் தங்கச் சுரங்க ஊரான கல்கூர்லியிலிருந்து ஒரு தபால் அட்டை போட்டான். 'கோபம் ஆறட்டும், வருவேன். எனக்கா வழி தெரியாது?' அதோடு சரி. போலீஸ் தேடிப் பார்த்தது. உடலும் கிடைக்கவில்லை, சேதியும் கிடைக்கவில்லை. அப்பா அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். நோலா மட்டும் இருந்தார், நாற்பது வருடமாக, அதே வீட்டில்.

வீடுதான் அதே வீடு. வழி போய்விட்டது.

முதலில் மாநில அரசு மூன்று ஷயர்களை ஒன்றாக்கியது. சேர்ந்த பக்கத்திலும் ஒரு பாஸ்கோ சந்து இருந்தது. ஒரே நகராட்சிக்குள் இரண்டு இருந்தால் ஆம்புலன்ஸ் குழம்பும் என்று சொல்லி நோலாவின் பலகையைப் பிடுங்கி எறிந்தார்கள். பிறகு வரைபடத்தில் நகர எல்லை என்று ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு உள்ளே விழுந்த நிலத்துக்கு ஒரே இரவில் பொன் விலை, பொன் விலைக்கு ஏற்ற வரி. ஆடு மேய்க்கிற நிலத்துக்கு மாளிகை வரி கட்ட எந்த ஆட்டால் முடியும்? நோலா விற்றார். வீட்டையும் சுற்றி ஒரு துண்டையும் மட்டும் வைத்துக்கொண்டார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற கூட்டம் வேலி ஓரம் வரை வந்து நின்றது. என் தங்கை வீட்டுக்குப் போகையில் நானே இரண்டு முறை வழி தவறியிருக்கிறேன்.

கடைசியாகப் பெயரில்லாமல் கிடந்தது நோலா வாசலில் வந்து முடிகிற ஒரு முட்டுச்சந்து. மனை விற்கிற கம்பெனி 'டஸ்கனி' என்று ஒரு இத்தாலியப் பெயரைக் கேட்டது. குழு முடிவு சொல்வதற்கு முன்னால் நோலா என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டார்.

"கார்மன், அதுக்கு ரஸல்னு வச்சிடேன்" என்றார், பூசணி போட்டுச் சுட்ட ஸ்கோன் ரொட்டித் தட்டை என் பக்கம் தள்ளி. அவர் ஸ்கோன் கல்லாட்டம் இருக்கும். ஊருக்கே தெரியும், ஒருவரும் சொன்னதில்லை. "பாஸ்கோதான் கூடாதுன்னுட்டாங்க. ரஸல்னு எங்கயும் இல்லையே? அவன் வந்தா எதைப் பாத்து வருவான்? ரயில் ஸ்டேஷனைத் தூக்கி எங்கயோ வச்சுட்டாங்க. ஓடையைக் குழாய்க்குள்ள அடைச்சுட்டாங்க. தன் பேரைப் பாத்தா நிப்பான்ல?"

ஜஸ்லீனிடம் சொன்னேன். அவளும் அந்தப் புது வீடுகளில் ஒன்றில்தான் குடியிருக்கிறாள், கல்நெஞ்சக்காரி இல்லை. வெகு நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஆசைதான் கார்மன். ஆனா அவர் இறந்துட்டார்னு அவங்க கையெழுத்துப் போடணும். இத்தனை வருஷமாச்சு, யாரு கேள்வி கேக்கப் போறாங்க? ஒரு கையெழுத்துதான்."

அந்த ஒரு கையெழுத்தைக் கேட்க என்னை அனுப்பினாள். நானும் புத்தி கெட்டுப் போனேன்.

நோலா கேட்டுக்கொண்டே ஒரு கோப்பையைக் கழுவினார். கழுவினதையே மறுபடியும் கழுவினார்.

"அவன் வர்றதுக்குத்தான் பலகை கேட்டேன். அவன் செத்துட்டான்னு எழுதிக் குடுத்தாத்தான் பலகையாமா?"

"வெறும் காகிதம்தானே நோலா. மனசுல இருக்கறது மனசுல இருக்கட்டும்."

"உனக்கு எத்தனை பிள்ளைங்க?"

"தெரியாதா என்ன? மூணு."

"அதுல யாரை எழுதிக் குடுப்ப?"

நான் ஸ்கோனை மென்றேன். மெல்ல வேண்டியது நிறைய இருந்தது.

கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டு அவரே எதிரில் வந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்திருந்தது. "சரி விடு. என் பேரை வை. நோலான்னு இந்தப் பக்கம் யாரு இருக்கா? பாத்தா அவனுக்குத் தெரிஞ்சுடும், அம்மா இங்கதான்னு."

"நீங்கதான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கீங்களே. உயிரோட இருக்கறவங்க பேரு ஆகாது."

"அதுக்கென்ன, கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. ரொம்ப நாள் காக்க வைக்க மாட்டேன்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜஸ்லீன் பொறுத்தாள். கம்பெனிக்காரன் தொலைபேசியில் கத்தியபோதெல்லாம் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி, அந்த முட்டுச்சந்தை வெறும் எண்ணாகவே வரைபடத்தில் வைத்திருந்தாள். குளிர்காலத்தில் நோலாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார், "பெயின்ட் வாங்கியாச்சா?"

"வாயை மூடிட்டுத் தூங்குங்க" என்றேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது. மறுநாள் போனபோது கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

குழுவில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. வீட்டை இடித்துத் தட்டையாக்கினார்கள். குழி தோண்டுவதற்கு மகன் இல்லாததால் ஒரு இயந்திரம் வந்து நொடியில் தோண்டிவிட்டுப் போனது. பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து: நோலா சந்து.

ஜஸ்லீன் காரை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, சந்தோஷமும் இருந்தது. "நல்லா இருக்குல்ல கார்மன்? பெரிய ரோட்டுலேர்ந்தே தெரியுது. அவங்க மகன் வந்தா கண்டிப்பா கண்ணுல படும்."

"படும்" என்றேன்.

அவள் புது ஊர்க்காரி, அவளுக்குத் தெரியாது. நானும் அந்த நொடி வரை யோசிக்கவில்லை. நோலா யோசித்திருப்பாரா? தெரிந்தேதான் கேட்டாரா? இனி யாரைக் கேட்பது? ரஸல் இந்த ஊர்ப் பிள்ளை. தாத்தா பலகைக்குத் தன் கையால் குழி தோண்டியவன். எங்கள் ஊரில் எப்போது ஒருவர் பெயர் கம்பத்தில் ஏறும் என்பது அவனுக்குத் தெரியும்.

என்றைக்காவது அவன் வருவான். அத்தனை தெருக்களிலும் அலைந்து, கடைசியில் இந்தப் பலகைக்குக் கீழே வந்து நிற்பான். நிமிர்ந்து அம்மாவின் பெயரைப் படிப்பான். அதன் பிறகு அவன் யாரிடமும் எதுவும் விசாரிக்க வேண்டியிருக்காது.