வாலில்லாத பத்துக் கிடாய்கள்

பள்ளிவாசல்காரர்கள் ஆடு பார்க்க வருவதாகச் சொன்ன நாள் காலையில் என் புருஷன் றிபாத் மூன்று தடவை பல் துலக்கினார். பதற்றம் வந்தால் அவருக்கு அப்படித்தான். நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் சண்டை வரும், சண்டை வந்தால் நாளே பாழ்.

விஷயம் இதுதான். எங்கள் அட்டாளைச்சேனையில் இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இருபது குடும்பங்கள் பள்ளிவாசல் மூலமாகச் சேர்ந்து ஆடறுத்துக் குர்பான் கொடுக்கின்றன. இருபது ஆட்டையும் எங்களிடமே எடுப்பது, பிடித்துப்போனால் இனி வருஷா வருஷம் எங்களிடமே எடுப்பது என்று தலைவர் மஜீட் ஹாஜியார் சொல்லியிருந்தார். அது நடந்தால் றிபாத் ஊரோடு இருப்பார். நடக்காவிட்டால் மறுபடியும் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போவார். பழைய கம்பனி விசா அனுப்பிவிட்டது. இன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று ஏஜென்சிக்காரன் முடிவாகச் சொல்லிவிட்டான்.

முன்பு ஐந்து வருஷம் அங்கே கிடந்தவர். மகள் றுஸ்தாவை அவர் முதன்முதலில் பார்த்ததே போனில்தான். அவர் வந்திறங்கிய அன்று, வாப்பாவுக்கு ஒரு முத்தம் கொடு என்றேன். பிள்ளை ஓடிப்போய் என் போனை எடுத்து அதற்கு முத்தம் கொடுத்தது. றிபாத் சிரித்தார். பிறகு கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார். இனி இந்த மனுஷனை எங்கேயும் அனுப்புவதில்லை என்று அன்றைக்கே எனக்குள் முடிவெடுத்துவிட்டேன்.

ஆடு வளர்ப்பது என் யோசனை. எனக்குச் சீதனமாக வந்த இரண்டு ஏக்கர் காணி வயலுக்குப் பின்னால் புல் மண்டிக் கிடந்தது. ஆனால் எந்த இனம் வெறும் புல்லிலேயே தேறும் என்பதில் எங்களுக்குள் ஓயாத வழக்கு. நாட்டுச் செம்மறிதான் இந்த வெயிலையும் மழையையும் தாங்கும் என்றார் அவர். டோர்ப்பர் என்கிற வெளிநாட்டு இனத்தின் கலப்புத்தான் சதை பிடிக்கும் என்றேன் நான். வாய்ச்சண்டை போதும் என்று, இரண்டிலும் எங்கள் பட்டியிலேயே பிறந்த, ஒரே வயதுள்ள பத்துப் பத்துக் கிடாய்க்குட்டிகளை ஒரே புல்லில் விட்டோம். தவிடும் கிடையாது, புண்ணாக்கும் கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து அவர் வந்ததும் ஒவ்வொன்றாகச் சாக்கில் கட்டித் தராசில் தொங்கவிடுவோம். நான் எடையைக் கொப்பியில் எழுதுவேன்.

நான்தான் வென்றேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பதினான்கு மாதத்தில் நாட்டு ஆடு இருபத்திரண்டு கிலோவில் நின்று முழித்தது. கலப்பு முப்பத்தெட்டுக்கு ஏறியது. மாரி மழையில் கலப்பில் நாலுக்குக் குளம்பு அழுகியது, நாட்டு ஆட்டில் ஒன்றுக்கும் ஒன்றுமில்லை. அதையும் எழுதினேன், கொஞ்சம் சின்ன எழுத்தில்.

கலப்புக் குட்டிக்கு வால் நீளம். கழிச்சல் ஒட்டி, ஈ மொய்த்து, புழு வைக்கும் என்று ஒரு வெள்ளைக்காரன் வீடியோவில் சொன்னான். பிறந்த மூன்றாம் நாள் வாலில் இறப்பர் வளையத்தை இறுக்கிப் போட்டால் சில கிழமைகளில் காய்ந்து தானாக விழுந்துவிடுமாம். பத்துக் குட்டிக்கும் நான்தான் போட்டேன். றிபாத் பிடித்துக் கொடுத்தார். நாட்டு ஆட்டின் வால் கட்டையானது, அதற்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

பத்து மணிக்கு வந்தார்கள். மஜீட் ஹாஜியார், நூஹு மௌலவி, கூடவே சபியா உம்மா. சபியா உம்மா எங்கள் தெருவில் இடியப்பம் அவித்து விற்கிறவர். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் குர்பான் கொடுக்கிறார், தன் ஆட்டைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்து வந்திருந்தார்.

மௌலவி நிதானமான ஆள். ஒவ்வொரு ஆட்டுக்கும் கண், காது, கால், பல் என்று பார்த்தார். நாட்டு ஆடுகள் பத்தும் தேறின. முதல் கலப்புக் கிடாயின் பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, இதுக்கு வாலக் காணல்ல?"

மௌலவி அடுத்ததைப் பார்த்தார், அதற்கடுத்ததையும் பார்த்தார்.

"பத்துக்கும் இல்லயே. பிறப்பிலயே இல்லயா, வெட்டினதா? பிறப்பிலயே இல்லாட்டிக் கூடும். வெட்டினதெண்டா குர்பானுக்குக் கூடா. நம்மட மத்ஹப் சட்டத்துல அது குறை."

கண் குருடு, கால் நொண்டி, காது அறுந்தது கூடாது என்று எனக்குத் தெரியும். வாலைப் பற்றி யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆட்டைப் பற்றி உலகமெல்லாம் தேடிப் பார்த்த எனக்குப் பக்கத்துத் தெரு மௌலவியிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

"பிறப்பிலயே இப்பிடித்தான் மௌலவி," என்றார் றிபாத். "இந்த இனமே அப்பிடி."

என் பக்கம் அவர் திரும்பவில்லை. பொய் சொன்னால் திக்குகிற மனுஷன் அவர். இன்றைக்குத் திக்கவில்லை.

"அப்ப சரி," என்றார் மஜீட் ஹாஜியார். "பத்தும் பத்தும் இருவது. வாற வருசமும் நீங்கதான் தம்பி." அவர் நீட்டிய கையை றிபாத் பிடித்துக்கொண்டார்.

முடிந்தது. இனி நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேர் என்னை வாய்க்காரி என்பார்கள். அந்த வாயை ஒரு பத்து நிமிஷம் மூடி வைத்திருந்தால் என் புருஷன் வீட்டில் இருப்பார், என் பிள்ளைக்கு வாப்பா இருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நெற்றியில் வியர்வை வழிந்தது, துடைக்கக்கூடப் பயமாக இருந்தது.

சபியா உம்மா மெல்ல நடந்துபோய்க் கலப்பிலேயே பெரிய கிடாயின் தலையில் கை வைத்தார்.

"இதுதான் என்ட," என்றார். "பதினொரு வருசமா மனசுல நிய்யத்து வச்சிருந்தன் மகள். குடுத்தா நல்லதாக் குடுக்கணும் எண்டுதான் இவ்வளவு நாளும் பொறுத்த." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "குறை ஒண்டும் இல்லதானே?"

வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் நான் தப்பியிருப்பேன்.

"இரிக்கு உம்மா," என்றேன். "வால் பிறப்பிலயே இல்லாம இல்ல. நான்தான் வளையம் போட்டு விழுத்தின. பத்துக்கும்."

மஜீட் ஹாஜியார் றிபாத்தின் கையை விட்டார்.

"அவருக்குத் தெரியா," என்று அவசரமாகச் சொன்னேன். "நான் அவருக்குச் சொல்லல்ல." ஒரு பொய்யை உடைத்த அதே வாயால் இன்னொன்று வந்தது.

"இல்ல ஹாஜியார்," என்றார் றிபாத். "எனக்குத் தெரியும். நான்தான் குட்டியப் பிடிச்சுக் குடுத்த."

மௌலவி தலையைக் குனிந்துகொண்டார். மஜீட் ஹாஜியார் மட்டும் கணக்காகப் பேசினார். நாட்டு ஆடு பத்தையும் எடுப்பார்களாம். மற்றப் பத்துக்கு வேறு ஆளைப் பார்ப்பார்களாம். வாற வருஷக் கதை இப்போது வேண்டாமாம். சபியா உம்மா பெரிய கிடாயை விட்டுவிட்டு நாட்டு ஆடுகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். போகும்போது என் கன்னத்தைத் தடவினார். அந்தத் தடவலைத் தாங்குகிற நிலையில் நான் இல்லை.

அவர்கள் போன பிறகு றிபாத் வேலியில் சாய்ந்துகொண்டு நின்றார். கத்துவார் என்று காத்திருந்தேன்.

"இந்த வால் சட்டம் எனக்கு முந்தியே தெரியும் சிபானா," என்றார். "போன கிழமை ஒரு பயான் பேச்சுல கேட்டன். உனக்குச் சொல்லல்ல. சொன்னா நீ வாயத் திறந்திருவாய் எண்டு தெரியும். அந்தப் பாவம் என்னோட மட்டும் கிடக்கட்டும் எண்டுதான் இருந்தன்."

ஒரு கிழமையாக என் பக்கத்தில் படுத்து, என் கையால் சோறு தின்று, இதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறார். கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அவர் மேல் ஆசை வந்தது. இந்த மனுஷன் வீட்டில் இருப்பதற்காக நரகத்துக்குப் போகவும் தயாராக இருந்திருக்கிறார்.

"அந்த மனுஷிட பதினொரு வருச நிய்யத்தக் கெடுத்துப்போட்டு உங்கள வச்சிருக்க என்னால ஏலா," என்றேன். "நீங்க இல்லாம இரிக்க எனக்குப் பழக்கம் இரிக்கு."

அவர் போனைக் கையில் எடுத்தார். அஸருக்கு இன்னும் நேரம் இருந்தது. ஏஜென்சிக்காரனின் நம்பரைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் மட்டும் நகரவில்லை.

நான் போனை வாங்கி, அந்த நம்பரை அழுத்தி, அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.